ஜாப்தாக்களைக் கணிப்பொறியில் ஏற்றுங்கால் நேரும் தேதிப் பிழைகள்
(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

பயிர்க் கணக்கில் சர்வே நம்பர் எவ்வளவு முக்கியமோ, தேதியும் அவ்வளவு முக்கியமானதே. விதைப்புத் தேதி தவறினால் பசலி தவறும். பசலி தவறினால் மானியமும் நஷ்ட ஈடும் தவறக்கூடும். இக்காலத்தில் ரயத்துகளின் ஜாப்தாக்கள் எழுத்துக்கோப்பாகத் தட்டெழுதப்பட்டு, தரவுத்தளம் எனப்படும் கணிப்பொறிப் பதிவேட்டில் ஏற்றப்படுகின்றன. அப்போது நேரும் பிழைகளையும் பரிகாரங்களையும் மிராசுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிதல் நலம்.

2024-ஆம் வருஷத்தில், கொருக்குப்பேட்டையில் ஒரு கணிப்பொறிக் கூடத்தில், பொன்னேரிப் பக்கத்து ஜாப்தா ஒன்றை ஏற்றுவித்தேன். ஒரு மிராசுதாரர் மானாவாரி நிலக்கடலை விதைத்த நாள் 05-07-2024, அதாவது ஜூலை 5. பதிவேட்டிலோ அது மே 7 என்று நின்றது. பசலி ஜூலை 1-இல் பிறப்பதால், முன்னது 1434-ஆம் பசலி, பின்னது 1433. ஆகவே நடப்புப் பசலியில் அவர் பயிரே காணப்படவில்லை. அதே ஜாப்தாவில் 18-07-2024 என்றிருந்த வரி ஏறாமல் தள்ளப்பட்டது. அத்தள்ளுபடியைக் கண்டே பிழையை அறிந்தோம். இல்லையேல் அது மறைந்தே கிடந்திருக்கும்.

காரணம் யாதெனில், நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறோம். அமெரிக்கர் மாதத்தை முன்னே எழுதுகின்றனர். இயந்திரம் அவர்கள் முறையில் அமைந்திருப்பின், 18-ஆம் மாதம் இல்லையாதலால் அவ்வரியைத் தள்ளும். நாள் 12-க்கு உட்பட்டதாயின், சொல்லாமலே மாற்றி வாசித்துவிடும். 365 நாட்களில் 221 நாட்கள் தள்ளுபடியாகும். 12 நாட்களுக்குச் சேதமில்லை. எஞ்சிய 132 நாட்கள் மௌனமாகப் புரண்டுவிடும். இவையே அபாயமானவை.

வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதுவதும் கேடு. பழைய கிரயப் பத்திரத்தின் தேதியை 14-06-35 என்றெழுதினால், எக்ஸெல் அதைச் சாதாரணமாக 1935 என்று கொள்ளும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் முதலியவை 2035 என்று கொள்ளும். மேலும், தேதியிருக்க வேண்டிய இடத்தில் 45478 போன்ற எண் காணப்பட்டால் திகைக்க வேண்டாம். 1900-ஆம் வருஷத்து ஜனவரி 1-ஐ ஒன்றாகக் கொண்டு எக்ஸெல் எண்ணும் நாட்கணக்கு அது. மேற்சொன்ன எண் 2024 ஜூலை 5-ஐக் குறிக்கும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்:

1. தேதியை வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் 2024-07-05 என்று எழுதுக. 1988-இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்னும் சர்வதேசத் தரம் விதிப்பது இதுவே. இதில் மயக்கத்திற்கு இடமில்லை.

2. எழுத்துக்கோப்பை எக்ஸெலில் நேரே திறந்து மறுபடி சேமிக்கலாகாது. இறக்குமதி வழியாகத் திறந்து, தேதிப் பத்தியை 'எழுத்து' என்று குறிக்க வேண்டும்.

3. ஜாப்தாவை முதலில் ஒரு தற்காலிகப் பதிவேட்டில் ஏற்றித் தேதியை எழுத்தாகவே வைத்துக்கொள்க. பின்னர் நாள், மாதம், வருஷம் என்னும் வரிசையை இயந்திரத்திற்குச் சொல்லித் தேதியாக மாற்றுக. போஸ்ட்கிரெஸில் 'டேட்ஸ்டைல்' என்னும் அமைப்பை நாள் முந்தியதாக வைப்பதும் ஒரு வழி.

4. ஏற்றியபின் வரிகளின் தொகையை மூலத்தோடு ஒப்பிடுக. மிகப் பழைய தேதி, மிகப் புதிய தேதி இரண்டையும் பார்க்க. மாதவாரியாக எண்ணி, பருவத்திற்கு ஒவ்வாத மாதத்தில் விதைப்பு இருப்பின் ஐயுறுக.

5. பசலியையும் தனிப்பத்தியில் எழுதுக. ஜூலை முதல் டிசம்பர் வரை இங்கிலீஷ் வருஷத்தில் 590-ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரை 591-ஐயும் கழித்தால் பசலி கிடைக்கும். எழுதிய பசலியும் கணக்கிட்ட பசலியும் ஒவ்வாத வரிகளைத் தனியே எடுத்துத் திருத்துக.

6. மூல ஜாப்தாவை அழிக்காமல் பத்திரப்படுத்துக.

சென்னை ராஜதானியில் பசலித் தொடக்கம் ஜூலை 1 என்று 1855-இல் நிர்ணயிக்கப்பட்டது. அதற்குமுன் அது ஜூலை நடுவில் தொடங்கியது. ஒரே வருஷத்தை வெவ்வேறு விதமாக எண்ணும் தொல்லை நமக்குப் புதிதன்று. அக்காலத்தில் கணக்கப்பிள்ளை பருவமறிந்து பிழையைத் திருத்திக்கொள்வார். இயந்திரம் பருவம் அறியாது. மேற்சொன்ன மிராசுதாரரின் வரி, அவர் விதைச் சீட்டைக் கொண்டு சரிசெய்யப்பட்டது. ஆகையால் ரயத்துகள் விதைச் சீட்டையும் உரச் சீட்டையும் அறுவடைவரை காப்பாற்றுவதோடு, தங்கள் பெயருக்கு ஏறிய தேதியைத் தாங்களே ஒருமுறை கேட்டறிவார்களானால், பின்னால் அலையும் சிரமம் பெரிதும் குறையும்.