தாடியஸ் ஸ்டீவன்ஸ்

அமெரிக்க அடிமைகளின் விடுதலை என்றதும் ஆபிரகாம் லிங்கனை நினைக்கிறோம். நினைக்க வேண்டியதுதான். ஆனால் அந்த லிங்கனையே ‘இன்னும் விரைந்து நடவுங்கள்’ என்று ஓயாது தூண்டிய ஒருவரை நம் மாணவ நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அவர்தாம் தாடியஸ் ஸ்டீவன்ஸ்.

1792-இல் வெர்மாண்டில் வறிய குடும்பத்தில், வளைந்த பாதத்தோடு பிறந்தார். தாயின் உழைப்பால் படித்து, டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றுப் பென்சில்வேனியாவில் வழக்கறிஞரானார்.

1834-இல் அம்மாநிலம் இலவசப் பள்ளிச் சட்டம் இயற்றியது. வரி கட்ட மனமில்லாதோர் மறு ஆண்டே அதை ஒழிக்க முனைந்தனர். ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் இலவசக் கல்வி போதும் என்றனர். அப்படிச் செய்வது ஏழையின் நெற்றியில் சூடு போடுவதாகும் என்று சட்டமன்றத்தில் முழங்கினார் ஸ்டீவன்ஸ். சட்டம் பிழைத்தது, பள்ளியும் பிழைத்தது!

உள்நாட்டுப் போரின்போது காங்கிரஸ் சபையின் நிதிக் குழுத் தலைவராக இருந்து போருக்குப் பொருள் திரட்டினார். 1865-இல் 13-ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ‘விடுதலை தந்தோம், வயிற்றுக்கு என்ன தந்தோம்?’ என்பதே அவருடைய அடுத்த கவலை. பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பறித்து, விடுதலை பெற்ற ஆடவர் ஒவ்வொருவருக்கும் 40 ஏக்கர் கொடுக்கச் சொன்னார். சொந்தக் கட்சியினரே பலர் பின்வாங்கினர், திட்டம் தோற்றது. நிலமற்ற கறுப்பின மக்கள் பழைய பண்ணைகளிலேயே வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கினர்.

1866-இல் காங்கிரஸ் நிறைவேற்றிய 14-ஆம் திருத்தத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். தாம் கேட்டதெல்லாம் அதில் இல்லை என்று வருந்தியபோதும் ஆதரித்தார். எவருக்கும் சட்டங்களின் சமமான பாதுகாப்பை மறுக்கலாகாது என்கிறது அத்திருத்தம். அந்தச் சொற்றொடரே 1950-இல் நம் அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவிலும் இடம் பெற்றது. ஆகவே அவரை வேற்று நாட்டார் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் குறையற்றவர் அல்லர். நாவில் நெருப்பு, பகைவரிடம் இரக்கமின்மை இரண்டும் உண்டு. 1868-இல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவி நீக்க முயன்றபோது, நடக்க இயலாத நிலையில் நாற்காலியில் சுமந்து வரப்பட்டார். ஒரே வாக்குக் குறைவால் அம்முயற்சி தோற்றது.

அவ்வாண்டு ஆகஸ்டு 11-இல் மறைந்தார். பிற இடுகாடுகள் நிறம் பார்த்தன என்பதற்காக, எல்லோருக்கும் இடந்தந்த ஒரு சிறு இடுகாட்டையே லங்காஸ்டர் நகரில் தமக்குத் தேர்ந்திருந்தார். அக்காரணத்தைக் கல்லறையிலும் பொறிக்கச் செய்தார்.

14-ஆம் திருத்தம் நெடுங்காலம் ஏட்டிலே உறங்கியது. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாதென 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கைக்கொண்டது அந்தத் திருத்தத்தைத்தான். சட்டத்தில் எழுதிவைத்த நீதி தானாக நடந்துவிடாது. எழுதாமலே விட்டிருந்தால் பிற்காலத்தார் எதைப் பற்றிக்கொண்டு வழக்காடுவார்கள்? குறைபட்ட வெற்றியையும் அவர் ஏற்றுக்கொண்டதன் பொருள் இதுவென்றே நான் கருதுகிறேன்.