மலைக்குப் போகும் ஜீப்: வாங்குபவரும் ஏறுபவரும் அறிய வேண்டியவை

எஞ்சினின் இழுவிசை நான்கு சக்கரங்களுக்கும் போகும்படி அமைந்த வண்டி ஆஃப்ரோடு வண்டி எனப்படுகிறது. கியர்பெட்டியை அடுத்து இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் இன்னொரு பெட்டிதான் இதன் உயிர். அது விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துத் தருகிறது; லோ கியரில் போட்டால் வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்குகிறது. தமிழகத்து மலைகளில் எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் இதற்கு ஜீப் என்றே பெயர். வால்பாறை, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் போடிக்கு மேலேயுள்ள கொழுக்குமலையிலும் அது நெடுங்காலமாக உழைப்பு வண்டி. 2010-இல் மஹிந்திரா தார், 2020-இல் அதன் புதிய வடிவம், 2023-இல் மாருதி ஜிம்னி என வந்தபின் நகரத்துக் குடும்பங்களும் வாங்குகின்றன. தோட்டத்து ஓட்டுநருக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்தவை நகரத்துக்காரருக்குத் தெரிவதில்லை. வண்டி தார்ச்சாலையை விட்டு இறங்கும்போது பதிவுச் சட்டமும் காப்பீட்டு நிபந்தனையும் வனச் சட்டமும் கூடவே இறங்குகின்றன என்பதோ பெரும்பாலும் இருவருக்குமே தெரிவதில்லை.

பழைய வண்டி வாங்கும்போது

ராணுவம் ஏலத்தில் கழித்த ஜீப், பெட்ரோல் வண்டியில் டீசல் எஞ்சின் ஏற்றிய ஜீப் எனப் பழைய வண்டிச் சந்தையில் பலவகை கிடைக்கும். விலை பேசுவதற்கு முன்பே பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண், எஞ்சின் எண், எரிபொருள், இருக்கைகளின் எண்ணிக்கை நான்கையும் வண்டியோடு ஒப்பிட்டுவிட வேண்டும். சேசிஸ் எண் இருக்கும் இடத்தில் தேய்த்த தடமோ வெல்டிங் தடமோ தெரிந்தால், எவ்வளவு மலிவாக வந்தாலும் அந்த வண்டி வேண்டாம். அது திருட்டு வண்டியாகவோ இரண்டு வண்டிகளின் ஒட்டாகவோ இருக்கலாம்.

சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை முடித்துப் புதுப்பிக்க வேண்டும். கார் வகைக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு 2025-இல் 10,000 ஆனது. வெளிமாநிலப் பதிவுள்ள ஜீப்பை 12 மாதத்துக்குமேல் இங்கே வைத்திருந்தால் தடையின்மைச் சான்று பெற்று இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும்.

பெயர் மாற்றத்தில் அசட்டையாக இருந்தால் விற்றவருக்கே பெரும் ஆபத்து. 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: வண்டி கைமாறிக் கைமாறி யாரிடம் போயிருந்தாலும், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. கையெழுத்திட்ட படிவங்களை வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு ‘அவர் மாற்றிக்கொள்வார்’ என்று இருப்பவர், தான் ஓட்டாத வண்டிக்காக லட்சக்கணக்கில் கட்ட நேரிடும்.

மாற்றி அமைத்தல்

உயர்த்திய சஸ்பென்ஷன், பெரிய டயர், முன்புறம் இரும்புக் கம்பி, கூரையில் விளக்கு வரிசை ஆகியவை இந்த வண்டிக்கே உரிய ஆசைகள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே பொருள்கொண்டது. அனுமதியில்லாத பாகம் பொருத்தும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. எஞ்சினை மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

முன்புறக் கம்பியை, அதாவது புல் பாரை, மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே சட்டவிரோதம் என அறிவித்து, நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. இந்த விதி வெறும் கெடுபிடி அல்ல. மோதும்போது வண்டியின் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கும் அந்த நசுங்கலை வைத்தே அமைந்தது. சேசிஸில் நேரடியாகப் பூட்டிய கம்பி அந்தக் கணக்கைக் குலைக்கிறது. எதிரே நடந்து வருபவர் மீது பட்டால் அடி பல மடங்கு கடுமையாகிறது.

காப்பீடு காக்கும் இடமும் கைவிடும் இடமும்

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்துவிட்டு நண்பர்களை ஏற்றிச் செல்வது பரவலாக நடக்கும் தவறு. இந்தப் பாலிசி வண்டியால் அடிபடும் வெளியாருக்கானது. சொந்தக் காரில் கட்டணமின்றி உடன் வருபவர் இதில் அடங்கமாட்டார் என்பதை உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகளில் உறுதிசெய்துள்ளது. முழுமையான பேக்கேஜ் பாலிசி இருந்தால் அவர்களும் அடங்குவர். வண்டி கவிழ்ந்து ஒரு நண்பர் முடமானால், மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ளவர் தம் சொந்தச் சொத்திலிருந்துதான் இழப்பீடு தர வேண்டியிருக்கும். இரண்டு பாலிசிக்கும் உள்ள பிரீமிய வித்தியாசம் இந்தச் சுமைக்கு முன் ஒன்றுமே இல்லை. உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு தனியானது. அது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேக்கேஜ் பாலிசியிலும் ‘பயன்பாட்டு வரம்பு’ என்றொரு பகுதி இருக்கிறது. வாடகைக்கு ஓட்டுதல், பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் சோதனை ஆகியவற்றில் நேரும் சேதத்துக்குக் காப்பு இல்லை. மண்பாதையில் ஓட்டியது மட்டுமே காப்பை அழிப்பதில்லை. ஆனால் நுழைவுக் கட்டணம் வாங்கி நேரம் குறித்து நடத்தும் போட்டிக்குப் போனால் நிறுவனம் இந்த வரம்பைச் சுட்டலாம். கலந்துகொள்ளும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்வதே வழி. இன்னொரு நுணுக்கம்: சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் காப்பு ‘பொது இடத்தில்’ நேரும் விபத்துக்கானது. பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள எந்த இடமும் பொது இடம்தான். வேலி அடைத்த தனியார் எஸ்டேட்டுக்குள் நேரும் விபத்தில், அது பொது இடமா என்பதே வழக்காக மாறக்கூடும்.

தண்ணீரில் எஞ்சின் போவதுதான் இந்த வண்டிகளில் அதிகம் தகராறாகும் சேதம். காற்று உறிஞ்சும் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்தால், நசுங்காத நீரை பிஸ்டன் அழுத்த முயன்று கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நின்ற எஞ்சினை மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயன்றதால் வந்த சேதம் ‘பின்விளைவு நஷ்டம்’ என்று சாதாரணப் பாலிசியில் மறுக்கப்படுகிறது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு இதற்காகவே உள்ளது. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், தண்ணீரில் நின்றுபோன வண்டியின் சாவியைத் திருப்பவே கூடாது. படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் தந்து, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

நிபந்தனை மீறல் என்று சொல்லி முழுத் தொகையையும் மறுத்தால் அதுவே முடிவு அல்ல. சொந்தப் பயன்பாட்டுக் காப்பீடு பெற்ற வண்டியை வாடகைக்கு ஓட்டியதாகக் கூறி கோரிக்கையை மறுத்த ஒரு வழக்கில் (அமலேந்து சாகு, 2010), நிறுவனம் முற்றிலும் கைவிரிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். இத்தகைய மீறல்களில் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை தரலாம் என்ற நெறி அந்தத் தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் நிறைவு தரவில்லையென்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அதன் அலுவலகம் உண்டு. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

ஓட்டமும் பராமரிப்பும்

பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையில் ஓட்டக்கூடாது. அப்போது முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைந்திருக்கும். வளைவிலோ முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் உருள வேண்டும். மண்ணில் சக்கரம் சற்றே வழுக்கி அந்த வித்தியாசத்தை ஈடுகட்டிவிடும். தாரில் வழுக்க முடியாததால் முறுக்கம் சேர்ந்து, ஸ்டியரிங் இறுகி, டிரான்ஸ்ஃபர் கேஸ் பழுதாகும்.

உயரமே இந்த வண்டியின் பலமும் பலவீனமும். மஹிந்திரா தாரின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர். கல்லைத் தாண்டும் அந்த உயரம், வளைவில் வேகமாகத் திரும்பினால் கவிழ்க்கும் உயரமாகவும் ஆகிறது. சரிவில் குறுக்காக ஓட்டாமல் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். இறக்கத்தில் கிளட்சை மிதிக்காமல், பிரேக்கை நம்பாமல், லோ கியரில் எஞ்சின் பிடியிலேயே இறங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்து அமரும் பின்னிருக்கைகள் மோதலில் உடலைத் தாங்குவதில்லை; அங்கே குழந்தைகளை உட்கார வைக்கவே கூடாது.

ஆறு கடக்கும்முன் ஆழம் பார்க்க வேண்டும். தார் 650 மில்லிமீட்டர் நீரைக் கடக்கும் என நிறுவனம் சொல்வது மெதுவான, ஓட்டமில்லாத நீருக்கே பொருந்தும். கலங்கி ஓடும் காட்டாற்றுக்கு எந்த அளவும் உத்தரவாதமல்ல. நீரில் இறங்கி வந்தபின் டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பார்ப்பது கட்டாயம். சூடான பெட்டி குளிர்நீரில் சட்டென்று குளிரும்போது சீல் வழியே தண்ணீரை உள்ளிழுக்கும்; எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். ரேடியேட்டர் இடுக்கிலும் பிரேக் டிரம்மிலும் ஒட்டிய சேற்றைக் கழுவி, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். மணலுக்காகக் காற்றைக் குறைத்த டயரோடு நெடுஞ்சாலையில் ஏறினால் டயர் சூடேறி வெடிக்கும்; காற்றடிக்கும் சிறு கம்ப்ரசர் இல்லாமல் மணலில் இறங்கக்கூடாது.

சிக்கிய வண்டியை இழுக்கும் நேரத்தில்தான் வேடிக்கை பார்ப்பவர்கள் சாகிறார்கள். அறுந்த கம்பி வடம் சாட்டைபோல் வீசும். கழன்ற கொக்கி குண்டுபோல் பறக்கும். நிறுவனம் தந்த இழுகொக்கியில் மட்டுமே கட்டி, வடத்தின் நடுவில் கனமான போர்வை போட்டு, வடத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு எல்லோரையும் விலக்க வேண்டும்.

காடு

பாதை தெரிகிறது என்பதாலேயே அது பொதுப்பாதை ஆகிவிடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவும் சேரும். 2022 திருத்தத்துக்குப்பின் மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வண்டியும் பறிமுதலாகக்கூடும். மலைமேல் சோலைப் புல்வெளியில் ஒரு வண்டி இட்ட தடம் அடுத்த மழையில் ஓடையாகி மண்ணை அரித்துச் செல்லும். பிறகு அங்கே புல் திரும்ப நெடுங்காலம் ஆகும். இதை அறிந்தவர் அபராதத்துக்குப் பயந்தல்ல, புல்லுக்காகவே விலகுவார்.

மைசூர் – ஊட்டி சாலையில் பந்திப்பூர் பகுதியில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துத் தடை உள்ளது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் செல்ல, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் தேவை.

வாடகை ஜீப்பில் ஏறும் பயணி

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான் ஏறுகிறது. சூரியநெல்லி இருக்கும் இடுக்கி மாவட்டத்தில் 2025 ஜூலையில் ஒரு விபத்தையடுத்து மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரியைத் தடை செய்து, பின்னர் நிபந்தனைகளோடு சில வழிகளைத் திறந்தது. எந்த மலையானாலும் பயணி பார்க்க வேண்டியது மஞ்சள் நம்பர் பலகை. வெள்ளைப் பலகை வண்டியில் பணம் கொடுத்து ஏறினால் அது பர்மிட் இல்லாத ஓட்டம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்க அதுவே பிடி. ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கைக்கு மேல் ஏற்றினால் இறங்கிக்கொள்ளும் உரிமை பயணிக்கு உண்டு. ஓட்டுநரிடம் அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

அடிபட்டால் முதலில் சிகிச்சை. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் ஏழு நாள்வரை 1.5 லட்சம் ரூபாய்க்குள் பணமில்லாச் சிகிச்சை கிடைக்கும். தமிழகத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் வெளிமாநிலத்தாருக்கும் பொருந்தும். இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 2022-இல் நடைமுறைக்கு வந்த விதி. விபத்து கேரளத்தில் நடந்திருந்தாலும், பாதிக்கப்பட்டவர் தாம் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம்.

வண்டியே குறையுள்ளதானால்

வெளி ஒர்க்‌ஷாப்பில் பழுது பார்த்ததாலேயே வாரன்டி மொத்தமும் போய்விடும் என்று மிரட்டுவது சரியல்ல. 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீதான உத்தரவில், வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கே வாரன்டியை மறுக்கலாம் என்றது. அதன்மேல் மேல்முறையீடுகளும் நடந்தன. ஒரே மாடலில் பாதுகாப்புக் குறை பரவலாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி வண்டிகளைத் திரும்பப் பெற மத்திய அரசு உத்தரவிடலாம், செலவு நிறுவனத்துடையது.

தனிப்பட்ட குறைக்கு நுகர்வோர் ஆணையம் உண்டு. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்கு மனுக்கட்டணம் 400 ரூபாய்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மனுதாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, இணையம் வழியாகவும், மனுச் செய்யலாம். உற்பத்திக் குறையை நிரூபிக்க ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கலாம். அதற்கு வலுச் சேர்ப்பவை சர்வீஸ் தோறும் வாங்கிய ஜாப் கார்டுகள்: ‘செக் செய்தோம், சரி’ என்று எழுதித் தருவதை அப்படியே வாங்கிவராமல், தாம் சொன்ன குறையைத் தம் சொற்களிலேயே அதில் எழுத வைத்துப் பிரதி வாங்க வேண்டும். மனு எழுதுவதற்கு முன் ஆலோசனை வேண்டுவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.