எறிகணைகளுக்குக் கணக்கு இருக்கிறது: வெராகுரூஸ் நகரின் கதை

மெக்சிக்கோவின் கிழக்குக் கரையில் உள்ள துறைமுக நகரம் வெராகுரூஸ். 'நான்கு முறை வீரம் காட்டிய நகரம்' என்பது அதற்குரிய பட்டம். இதைப் பற்றி முதலில் வாசித்தபோது எனக்கு ஒரு கேள்விதான் எழுந்தது. ஒரு நகரம் நான்கு முறை வீரம் காட்ட வேண்டி வந்தது என்றால், அங்கே குடியிருந்த சனங்கள் நான்கு முறையும் எதையெல்லாம் அனுபவித்திருப்பார்கள்?

1519 ஏப்ரலில், பெரிய வெள்ளியன்று, ஸ்பானியத் தளபதி ஹெர்னான் கோர்ட்டேஸ் இந்தக் கரையில் இறங்கினார். அதையொட்டியே 'உண்மையான சிலுவை' என்று பொருள்படும் பெயர் வந்தது. அதன் பின் மூன்று நூற்றாண்டுகளாக மெக்சிக்கோவின் வெள்ளி ஸ்பெயினுக்குப் போன வாசல் இதுதான். ஆபிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இறக்கப்பட்ட துறையும் இதுதான். வெள்ளி இருந்த இடத்துக்குக் கடற்கொள்ளையர்களும் வந்தார்கள். 1683 மே மாதம் நகரைச் சூறையாடியவர்கள், மக்களைத் தேவாலயத்துக்குள் அடைத்து வைத்தார்கள். போகும்போது பெருந்தொகையான கறுப்பின மக்களை விற்பதற்காகக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள்.

நகருக்கு முன்னால், கடலில், முருகைக்கற்களால் கட்டப்பட்ட சான் குவான் டி உலுவா கோட்டை இருக்கிறது. நகரையும் துறைமுகத்தையும் காக்கவே அதைக் கட்டினார்கள். ஆனால் 1821இல் மெக்சிக்கோ சுதந்திரம் அடைந்த பிறகும் ஸ்பானியப் படை அந்தக் கோட்டையை விட்டுப் போகவில்லை. 1823இல் அங்கிருந்தே நகரத்தின் மீது பீரங்கித் தாக்குதலைத் தொடங்கியது. 1825 நவம்பரில்தான் அது சரணடைந்தது. முதலாவது பட்டம் இதற்குரியது. இரண்டாவது, 1838இல் பிரெஞ்சுக் கடற்படை தாக்கியதற்கு. மெக்சிக்கோவில் பிரெஞ்சுக்காரர்கள் இழந்த சொத்துகளுக்கு நட்டஈடு கேட்டு வந்த போர் அது.

நான் அதிக நேரம் நின்று வாசித்தது மூன்றாவதைத்தான்.

1847 மார்ச் 9ஆம் திகதி, ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்கொட் தலைமையிலான அமெரிக்கப் படை நகருக்குத் தெற்கே தரையிறங்கி, நிலப்பக்கமாக நகரைச் சுற்றி வளைத்தது. நேரடியாக மதிலைத் தாக்கினால் தன் படையினர் பலர் சாவார்கள் என்று கருதிய ஸ்கொட், தூரத்தில் இருந்து எறிகணைகளை வீசத் தீர்மானித்தார். 22ஆம் திகதி தாக்குதல் தொடங்கியது. எறிகணை என்றால் என்ன, அது குடிமனைகளுக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று இந்த வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வீடுகளிலும், தேவாலயங்களிலும், காயப்பட்டவர்கள் கிடந்த இடங்களிலும் அவை விழுந்தன.

நகரில் இருந்த வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகள் ஸ்கொட்டுக்கு ஒரு கோரிக்கை அனுப்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் வெளியேறுவதற்காகத் தாக்குதலைச் சற்று நிறுத்துங்கள் என்பதே அது. ஸ்கொட் மறுத்துவிட்டார். வெளியேறுவதற்கு 22ஆம் திகதி வரை வாய்ப்பு இருந்தது, இனிச் சரணடைவது பற்றிப் பேச வந்தால் மட்டுமே போர்நிறுத்தம் என்பது அவருடைய நிலைப்பாடு. அந்தப் படையில் இருந்த ரொபர்ட் லீ என்ற பொறியியல் அதிகாரி, பெண்களையும் குழந்தைகளையும் நினைத்து வருந்தி வீட்டுக்குக் கடிதம் எழுதினார். பீரங்கிகள் ஓயவில்லை. நான்கு நாட்களில் நகரம் பேச்சுக்கு வந்தது. 29ஆம் திகதி சரணடைந்தது.

அந்த நாட்களில் வீசப்பட்ட எறிகணைகள் சுமார் 6,700 என்று பதிவு இருக்கிறது. அவற்றின் மொத்த நிறைக்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்கத் தரப்பில் இறந்தவர்கள் இருபதுக்கும் குறைவு. நகரத்துக்குள் இறந்த பொதுமக்கள் எத்தனை பேர்? நூறு என்பவர்களும் உண்டு. ஐந்நூறுக்கு மேல் என்பவர்களும் உண்டு. 170 ஆண்டுகளுக்கு மேலாகியும் அது மதிப்பீடாகவே நிற்கிறது. வீசிய இரும்பை எண்ணியவர்கள், அது விழுந்த இடத்தில் இருந்த மனிதரை எண்ணவில்லை.

நான்காவது முறை 1914 ஏப்ரல் 21. மெக்சிக்கோ அரசுக்கு ஆயுதங்கள் வருவதைத் தடுப்பதாகச் சொல்லி அமெரிக்கக் கடற்படை இறங்கியது. மெக்சிக்கோ இராணுவத்தின் பெரும் பகுதி பின்வாங்கிவிட, கடற்படைப் பள்ளி மாணவர்களும் சாதாரண சனங்களும் வீட்டுக்கூரைகளில் இருந்து எதிர்த்தார்கள். நகரம் ஏழு மாதங்கள் அந்நியர் பிடியில் இருந்தது. அமெரிக்க வீரர்களின் உடல்கள் நியூயோர்க் கொண்டுபோகப்பட்டு, ஜனாதிபதி வில்சன் அஞ்சலி செலுத்தினார். விர்ஹிலியோ உரிபே என்ற மாணவரை மெக்சிக்கோ இன்றும் நினைவுகூர்கிறது. தெருவில் விழுந்த மற்றவர்களின் எண்ணிக்கை இம்முறையும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

அதே துறைமுகத்துக்கு 1939 ஜூன் 13ஆம் திகதி சினாயா என்ற கப்பல் வந்தது. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் தோற்று, நாட்டை விட்டுத் தப்பிய சுமார் 1,600 அகதிகள் அதில் இருந்தார்கள். ஜனாதிபதி லாசரோ கார்டெனாஸின் அரசு அவர்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. கரையில் பெருங்கூட்டம் அவர்களை வரவேற்றது. பயணத்தின்போதே அவர்கள் கப்பலில் ஒரு நாளிதழை நடத்தி, அன்றன்று நடந்ததை எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஒரு பயணத்தைப் பற்றி இன்று நமக்கு இவ்வளவு விபரமாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

1847இல் வெராகுரூஸின் வீடுகளுக்குள் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. பட்டம் பிறகு வந்து சேர்ந்தது. பெயர்கள் வரவே இல்லை. உயிரோடு இருப்பவர்கள் ஞாபகம் இருக்கும்போதே எழுதி வைக்காத பெயரை, நூறு வருடம் கழித்து எந்த ஆய்வாளராலும் தேடி எடுக்க முடியாது.