பட்டு நூல் சோதனையும் பள்ளிப் பலகைகளும்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை தெரியும். அசல் பட்டு நூலைத் தீயில் காட்டினால் சுருங்கிக் கருகும். முடி பொசுங்கும் வாடை வரும். தீயை விலக்கினால் அணைந்துவிடும். பருத்தி நூலோ விலக்கிய பிறகும் எரியும்.

பட்டு புரதம், பருத்தி செல்லுலோஸ். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. பருத்தி தொடர்ந்து எரிய ஏறத்தாழ 18 விழுக்காடு போதும். பட்டுக்கு 23 விழுக்காடு அளவில் வேண்டும். மரத்திலும் பெரும்பகுதி செல்லுலோஸே. எனவே மெல்லிய மரத்தாள்களை ஒட்டிய பிளைவுட்டும், மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டும் பருத்தியைப் போலத்தான் நடந்துகொள்ளும்.

சூடேறிய மரம் சிதைந்து எரியும் வாயுக்களை வெளிவிடுகிறது. சுவாலையாகத் தெரிவது அந்த வாயுக்கள் எரிவதே. எஞ்சுவது கரி. வாயு குறைந்து கரி கூடினால் தீ பரவும் வேகம் குறையும். கரிப்படலம் உள்மரத்தையும் சூட்டிலிருந்து காக்கும். தீத்தடுப்பு வேதிப்பொருள்களின் வேலை இதுதான். அம்மோனியம் பாஸ்பேட் சூட்டில் பாஸ்பாரிக் அமிலத்தைத் தருகிறது. அது செல்லுலோஸிலிருந்து நீரைப் பிரித்துக் கரியைக் கூட்டுகிறது. போராக்ஸ் உருகிக் கண்ணாடிப் படலம்போல் மூடுகிறது. 1821-இல் பிரெஞ்சு வேதியியலர் கே-லூசாக் துணிகளில் இவ்வகை உப்புகளைச் சோதித்தார். வயலுக்கு இடும் டி.ஏ.பி. உரமும் ஓர் அம்மோனியம் பாஸ்பேட்தான் என்று சொன்னால் மாணவர்கள் எளிதில் நினைவில் கொள்வர்.

தொழிற்சாலையில் இந்த உப்புகளை மரத்தாள்களில் ஊறவைப்பர், அல்லது அழுத்தம் கொடுத்துப் பலகைக்குள் செலுத்துவர். சிக்கலும் உண்டு. அளவு மிகுந்தால் பசையின் பிடிப்பு தளரலாம். நீர் பட்டால் உப்பு கரைந்து வெளியேறலாம்.

பள்ளிக்குப் பலகை வாங்கும்போது ஒரு குழப்பம் வருவதுண்டு. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் தண்ணீரைத் தாங்கும். அதனால் மட்டும் அது தீயையும் தாங்கும் என்று பொருளில்லை. தீத்தடுப்பு பிளைவுட்டுக்கான தரம் ஐ.எஸ். 5509. அந்த எண்ணைக் கேட்டு, முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். அதுவும் எரியாத பலகை அன்று. தப்பிக்கச் சில நிமிடங்கள் தரும் பலகை.

அந்த நிமிடங்களின் மதிப்பை நாம் அறிவோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரை பற்றியதில் 94 குழந்தைகள் இறந்தனர். கீற்றும் செல்லுலோஸ்தான். அது தொடர்பான வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் தீப்பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது.

வகுப்பில் ஆசிரியரே செய்துகாட்ட ஒரு சோதனை: ஒரு தாள் துண்டைப் போராக்ஸ் கரைசலில் நனைத்து உலர்த்துங்கள். அதையும் சாதாரணத் தாளையும் இடுக்கியால் பிடித்து, தனித்தனியே சுடரில் காட்டி விலக்குங்கள். அருகில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். எது எரிகிறது, எது கருகி நிற்கிறது என்பதை மாணவர்களே சொல்லட்டும். பிறகு அவர்களோடு சேர்ந்து வகுப்பறையைச் சுற்றிப் பாருங்கள்: வாசலை மறித்து நிற்கும் பலகைத் தடுப்பு, பீரோ ஏதேனும் இருந்தால் அன்றே நகர்த்திவிடுங்கள்.