சோழவரத்துப் புல்லியும் பனகல் பூங்கா நெரிசலும்

வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் 1961-ஆம் ஆண்டு முதல் சுமார் பத்தாண்டு காலம் தயாராகி வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டை, சென்னைவாசிகளில் பலர் சௌகரியமான குடும்ப வாகனமாகவே நினைவில் வைத்திருந்தாலும், இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்து கொடுத்த அதன் உருவமும், 948 சி.சி. கொள்ளளவே உடைய அதன் சிறிய எஞ்சினும் வேறொரு சாராருக்கு ஞாபகப்படுத்துவது சோழவரத்தைத்தான். இரண்டாம் உலக யுத்தத்துக்காகப் போடப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட அந்த விமான ஓடுதளத்தில், 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தி வந்த பந்தயங்களில், 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்படுவதற்கு முந்தைய தலைமுறையினர் ஹெரால்டையும் ஃபியட்டையும் அவற்றின் சக்திக்கு மீறி விரட்டிக் களித்தார்கள்.

பந்தயத்துக்கென்று திருத்தி அமைக்கப்பட்ட அத்தகைய கார் ஒன்று, பல கை மாறி, இன்று மயிலாப்பூர் வீடொன்றின் போர்டிகோவில் வந்து நிற்குமானால், அதன் சொந்தக்காரர் முதல் கோடையிலேயே ஒரு விசித்திரத்தைக் காணக்கூடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரட்டும்போது சாதுவாக இருக்கும் உஷ்ணமானி முள், தியாகராய நகரில் பனகல் பூங்காவை ஒட்டி ஊர்ந்து செல்லும்போது சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும். “வண்டி சூடாகுது சார், ரேடியேட்டரை மாத்திடலாம்” என்பது மெக்கானிக்கின் உடனடித் தீர்ப்பாக இருக்கும். போர்வெல் தண்ணீரை வருஷக்கணக்காக ஊற்றிக் குழாய்களில் உப்புப் படியவிட்ட வண்டிகளுக்கு அது நியாயமான தீர்ப்புமாகும். எனினும், ரேடியேட்டரில் கை வைப்பதற்கு முன் வாட்டர் பம்பைச் சுழற்றும் புல்லியின் அளவை ஒருமுறை பார்த்துவிடுவது உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

பெட்ரோல் எரிவதால் பிறக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சக்கரத்துக்கும் போகாமல் புகையோடும் போகாமல், எஞ்சினைச் சூழ்ந்து ஓடும் நீரில் உஷ்ணமாக இறங்குகிறது. அந்த நீரை ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓயாமல் சுற்றிவரச் செய்யும் பம்புக்குள் இருப்பது, நீரை மையத்திலிருந்து விளிம்புக்கு வீசி எறியும் ஒரு சிறு சக்கரமே. இவ்வகைப் பம்புகளுக்குப் பிரசித்தமான ஒரு விதி உண்டு: நீரோட்டம் சுழற்சி வேகத்தின் விகிதத்தில் உயரும், அழுத்தம் அதன் வர்க்கத்தின் விகிதத்தில் உயரும், பம்பு விழுங்கும் சக்தியோ அதன் கனத்தின் விகிதத்தில் உயரும். நிமிஷத்துக்கு 750 சுற்றில் முனகிக்கொண்டு நிற்கும் எஞ்சின் 4500 சுற்றுக்கு ஏறும்போது, வேகம் ஆறு மடங்குதான் ஆயிற்று. பம்பு கேட்கும் சக்தி 216 மடங்காகிவிடுகிறது! அதோடு, மிதமிஞ்சிய வேகத்தில் சக்கரத்தின் நுழைவாயிலில் அழுத்தம் வீழ்ந்து, நீராவிக் குமிழ்கள் தோன்றி உடைந்து, உலோகத்தை அரிப்பதுடன் நீரோட்டத்தையும் குலைக்கும்.

ஆகையால்தான், பம்பில் பெரிய விட்டமுடைய புல்லியை மாட்டி அதன் வேகத்தைக் குறைத்து வைப்பது உலகெங்கும் பந்தயக்காரர்களிடம் உள்ள வழக்கம். ஓடுதளத்தில் எஞ்சின் ஒருபோதும் மெதுவாகச் சுழல்வதில்லை, எதிர்க்காற்றும் தாராளம். பனகல் பூங்காவிலோ பம்பு தேவைக்கும் குறைவாகச் சுழல, ரேடியேட்டருக்குக் காற்று தரவேண்டிய விசிறியும் அதே எஞ்சினின் தயவை எதிர்பார்த்துச் சோம்பிக் கிடக்கிறது. ரேடியேட்டர் புதியதா பழையதா என்பது இங்கே இரண்டாம்பட்சம்.

பம்புக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் ரப்பர் பெல்ட்டைப் பற்றியும் சற்று விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். 1917-இல் அமெரிக்காவில் ஜான் கேட்ஸ் ரப்பராலான வி-பெல்ட்டை உருவாக்குவதற்கு முன், தட்டையான தோல்பட்டைகள் கார்களில் சுழன்றன. ஒரு தூணைச் சுற்றிய கயிறு எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் தந்த சூத்திரத்தின்படி, உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால், புல்லியை அரைவட்டம் தழுவும் தட்டைப் பட்டையின் இறுக்கமான பக்கத்து இழுப்பு தளர்ந்த பக்கத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்குக்கு மேல் போனால் அது வழுக்கிவிடும். 40 பாகை கோணமுள்ள வி வடிவப் பள்ளத்தில் பதியும் பெல்ட்டுக்கு அதே எல்லை சுமார் 16 மடங்கு. கபாலீசுவரர் தேர்ச் சக்கரத்தின் கீழே செருகப்படும் முட்டுக்கட்டை தேரின் பாரத்தாலேயே இறுகுவதைப்போல், பெல்ட்டும் தன்னை இழுக்கும் விசையாலேயே பள்ளத்தின் இரு சுவர்களிலும் இறுகுகிறது.

இதிலிருந்து, புல்லி மாற்றும்போது கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் விளங்கும். பெல்ட் பள்ளத்தின் சுவர்களைத்தான் பற்றவேண்டுமே தவிர அடித்தரையைத் தொடக்கூடாது. பழைய புல்லியின் அடித்தரை பளபளவென்று மின்னினால், சுவர்கள் தேய்ந்து பெல்ட் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் புது பெல்ட் வாங்கிப் போட்டும் பிரயோஜனமில்லை. ஹெரால்டைத் தயாரித்த ஆலையில் 1980-களின் இறுதியோடு கார் உற்பத்தியே நின்றுவிட்ட நிலையில், அசல் அளவுப் புல்லியைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் குவியல்களில் தேடவேண்டும். அகப்படாவிட்டால், மாதிரியைக் காட்டி லேத் பட்டறையில் கடைந்துகொள்ளவேண்டும். மதுரை ஃபென்னர் வெகுகாலமாக வி-பெல்ட் செய்துவருவதால் பெல்ட்டுக்கு அத்தனை அலைச்சல் இராது.

வேலை எளிதுதான்: டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை எஞ்சின் பக்கம் சாய்த்து, பெல்ட்டைக் கழற்றிப் புல்லியை மாற்றி, மூன்று புல்லிகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்து, மறுபடி இறுக்கவேண்டும். நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் அமிழவேண்டும். தளர்ந்திருந்தால் பெல்ட் கத்தும். கத்துகிறதே என்று முறுக்கி இறுக்கினால், பம்பின் பேரிங் நாசமாகி, அதைத் தொடர்ந்து சீலும் போய், பம்பின் அடியிலுள்ள சிறு துவாரத்தின் வழியே நீர் சொட்டும். சீல் பழுதானதை அறிவிப்பதற்கென்றே வைத்த அந்தத் துவாரத்தை எம்-சீல் வைத்து அடைக்கும் சாமர்த்தியசாலிகளை என்னவென்பது! புது பெல்ட் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் சற்று நீளும் என்பதால் இன்னொரு தடவை இறுக்கிவிடுவதும் அவசியம்.

பம்பின் பெல்ட்டை இப்படித் தனியாகக் கழற்றி மாட்டும் தாராளம் 1998-இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிட்டியில் கிடையாது. அதன் பம்பைச் சுழற்றுவது, வால்வுகளின் காலத்தை நிர்ணயிக்கும் டைமிங் பெல்ட்டே. அங்கே பம்பின் பேரிங் இறுகிப் பெல்ட் அறுந்தால் உஷ்ணத்தோடு விஷயம் முடிவதில்லை, வால்வுகளே வளைந்துவிடக்கூடும். டைமிங் பெல்ட்டை மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிடுவது அதனால்தான்.

பம்பை எஞ்சினின் வேகத்திலிருந்து விடுவித்துவிட்டால் சோழவரமும் பனகல் பூங்காவும் ஒன்றாகிவிடும் அல்லவா? 2004-இல் பிஎம்டபிள்யூ தன் ஆறு சிலிண்டர் எஞ்சினில் மின்சார வாட்டர் பம்பை வைத்தது இந்த யோசனையால்தான். இப்போது பழைய கார்களுக்கும் அத்தகைய பம்புகள் விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் ஹெரால்டின் டைனமோ, நெரிசலில் நிற்கும் வேகத்தில் பேட்டரிக்கு அநேகமாக ஒன்றுமே தருவதில்லை; ஆகவே முதலில் ஓர் ஆல்டர்னேட்டரைப் பொருத்தவேண்டும். அதைச் சுழற்றவும் அரை அங்குலம் அமிழும் ஒரு பெல்ட் வேண்டியிருக்கிறது.