காலிப்பருக்கு வண்ணம் பூசுதல்

மோட்டார் வண்டியின் சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் பற்றி நிறுத்தும் கவ்விக்குக் காலிப்பர் என்று பெயர். தட்டுப் பிரேக்குக்கு லாஞ்செஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1902-இல் காப்புரிமை பெற்றார். வார்ப்பிரும்பாலான கவ்வி எளிதில் துருப்பிடிக்கும்; ஆதலின் வண்ணம் பூசுதல் நன்று.

ஜாக்கியை மட்டும் நம்பாது, வண்டியை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துக. தூசியை ஊதலாகாது, பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருத்தல் கூடும். சோப்பு நீரால் நனைத்துக் கழுவி, கம்பித் தூரிகையால் துருவை நீக்கி உலர்த்துக. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ரப்பரை உப்பச் செய்யும், அவை வேண்டா. கட்டை, தட்டு, பிஸ்டன், ரப்பர் உறை ஆகியவற்றை மறைத்து, வெப்பம் தாங்கும் வண்ணத்தை மெல்லியதாக இருமுறை பூசுக.

சென்ற ஆண்டு இவ்வேலையை முடித்து, அதன் அழகை வியந்தவாறே வண்டியைக் கிளப்பினேன். காலிப்பரைக் கழற்றியபோது பிஸ்டன்களை உள்ளே தள்ளியிருந்ததை மறந்தேன். பிரேக் மிதி அடிவரை அமிழ்ந்தது, வண்டி நிற்கவில்லை, வாயிற்கதவில் மோதிற்று. சற்று முன்புதான் என் பேத்தி அங்கே கோலமிட்டு எழுந்து சென்றிருந்தாள்.

ஆகவே, புறப்படுமுன் மிதி இறுகும்வரை பலமுறை அழுத்திப் பாருங்கள். வளைந்த அக்கதவை நான் இன்னும் நிமிர்த்தவில்லை. பார்க்கும்தோறும் நினைவு வரட்டும் என்றே விட்டிருக்கிறேன்.