கொண்டச்சிக் கரையின் ஆவரசு

சிலாவத்துறையிலிருந்து கொண்டச்சிப் பக்கம் போகிறவர்கள் கடலைத்தான் பார்ப்பார்கள். முத்துக்குளிப்புக்குப் பேர்போன குடா அல்லவா! 1803 இல் இலண்டனில் வெளிவந்த றொபேட் பேர்சிவலின் இலங்கை நூலிலும் அந்த முத்துக்குளிப்புக்கு இடமுண்டு. இன்று உங்களைக் கரைப்பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்கிறேன். மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறதே, அதுதான் ஆவரசு. தமிழகத்தில் ஆவாரை, சிங்களத்தில் ரணவரா.

சங்கப் புலவர்களுக்கு இது ஆவிரை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 பூக்களில் இதுவும் ஒன்று. காதல் கைகூடாதவன் பனைமடலால் குதிரை செய்து, ஆவிரை சூடி, தெருவில் ஏறி வருவான். முல்லையை ஏன் சூடவில்லை? கேட்பாரற்று வழியோரம் பூப்பதைச் சூடினால்தான் நாணம் விட்டது ஊருக்குத் தெரியும் என்று எனக்குப் படுகிறது.

அவரைக் குடும்பத்துச் செடிதான். ஆனால் பூவில் அந்தச் சாயல் இல்லை. காயைப் பார்த்தால் உறவு விளங்கும். இந்தப் பூவில் தேனும் இல்லை. மகரந்தம் மட்டுமே உண்டு; அதுவும் நுனியில் சிறு துளை மட்டும் உள்ள பைகளுக்குள் அடைபட்டிருக்கும். மரத்தைத் துளைக்கும் கருவண்டு வந்து பூவைப் பற்றிக்கொண்டு, சிறகுத் தசையை அதிரவைத்து 'ங்ங்' என்று இரையும். அந்த அதிர்வில் மகரந்தம் சிதறும். குட்டைக் கேசரங்களில் உள்ளது வண்டுக்கு உணவு. நீண்டு வளைந்தவற்றில் உள்ளது அதன் உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும். கூலியும் வேலையும் தனித்தனி! தேனீக்கு இப்படி அதிரவைக்கத் தெரியாது.

தோல் பதனிட இதன் பட்டையைத் தென்னிந்தியாவில் ஏராளமாக உரித்தார்கள். உலர்த்திய பூவில் தேநீர் போடுவது நம் நாட்டு வழக்கம். நீரிழிவுக்காரர் அதை நம்பி மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலிப் பகுதி ஊர்களும் வெறிச்சோடின. 2009 இல் போர் முடிந்தபின் திரும்பியவர்கள் கண்டது பற்றை மூடிய காணிகளை. பற்றையை வெட்டாமல் வீடு எழுப்ப முடியாது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கத்தரிப் பூவின் மகரந்தமும் இதே மாதிரித் துளையிட்ட பைகளில்தான் இருக்கிறது. அதையும் அதிரவைத்து எடுப்பவை இந்தக் கருவண்டும் அதன் கூட்டத்தாரும்தாம். கத்தரி பூக்காத நாளிலும் அவற்றுக்கு உணவு வேண்டும். அதனால் காணி துப்புரவாக்குகிறவர்கள் வேலியோரம் நாலு ஆவரசை நிற்க விடுங்கள். பக்கத்தில் உளுத்த மரக்கட்டை கிடந்தால் அதையும் அடுப்புக்கு எடுக்காதீர்கள். வண்டு குடியிருப்பது அதற்குள்தான்.